துரை கண்ணாடியைத் துடைத்தபோது

என் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இன்றைக்கும் ஓர் இடைவெளி உண்டு. எந்தச் சப்பாத்தும் எனக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. "என்ன அங்கிள், விரல் இப்படி விரிஞ்சு கெடக்கு லா?" என்று போன மாதம் காலணிக் கடைப் பையன் ஒருவன் கேட்டான். கோல்ஃப் விளையாட்டால் வந்தது என்றேன். அவன் என் வெளுத்த சட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். நொடித்துப்போன பெரிய பணக்காரன் என்று நினைத்தானோ, இல்லை கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தானோ, தெரியவில்லை.

நான் சொன்னது உண்மைதான். முப்பதுகளில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்களின் வரிசை வீடான லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். அப்பா ரயில் பட்டறையில் ஃபிட்டர். காலையில் நான் ஆங்கிலப் பள்ளிக்கூடம் போவேன். மாலையிலும் சனி ஞாயிறிலும் வெள்ளைக்காரர்களின் கோல்ஃப் திடலுக்குப் போவேன். துரைமார் பந்தடிக்கும் மட்டைகள் ஒரு நீண்ட தோல்பையில் இருக்கும். அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு துரைக்குப் பின்னாலேயே குழிக்குக் குழி நடப்பதுதான் என் போன்ற பையன்களின் வேலை. பந்து எங்கே விழுகிறது என்று கண் கொட்டாமல் பார்த்து வைப்பதும், கேட்கும் முன்பே மட்டையை நீட்டுவதும், துரை தப்பாக அடித்தால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வதும் அதில் சேர்த்தி.

மழைமரங்களுக்குக் கீழே எங்களுக்கென்று ஒரு தகரக் கொட்டகை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு எங்களில் யார் எந்தத் துரையோடு போவது என்று முடிவுசெய்யும் மண்டோர்தான் அங்கே எமன். மழை விட்டதும் வெட்டிய புல்லிலிருந்து ஒரு பச்சை வாசனை கிளம்பும். எனக்கு எந்தச் சந்தனமும் அதற்கு ஈடில்லை. இன்றும் எங்காவது புல் வெட்டினால் நின்று ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுத்தான் நகர்வேன். வீட்டில் திட்டுவார்கள்.

அந்தத் திடலில் சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு வழக்கம் இருந்தது. கால் கிள்ளு என்று நாங்கள் சொல்வோம். பந்து சில நேரம் முழங்கால் உயர லாலான் புல்லுக்குள்ளோ மரத்து வேரடியிலோ போய் மாட்டிக்கொள்ளும். விழுந்த இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும், கையால் தொடக்கூடாது. நாங்களும் கையால் தொடமாட்டோம். தேடுகிற மாதிரி புல்லுக்குள் நடப்போம். பெருவிரலும் அடுத்த விரலும் பந்தைக் கவ்விக்கொள்ளும். நடை மாறாது, இடுப்பு வளையாது. கொஞ்சம் தள்ளி, நல்ல புல்லில் பந்து வந்து உட்கார்ந்துவிடும். "இங்க இருக்கு துவான்" என்று குரல் கொடுப்பதுதான் பாக்கி. துரைமாரை நாங்கள் துவான் என்றுதான் கூப்பிடுவோம். வெறுங்காலோடு வளர்ந்த எங்களுக்கு இது பம்பரம் விடுகிற மாதிரி.

துரைமாருக்கு இது தெரியாதா? பேஷாகத் தெரியும். ஆனால் யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. ஒருத்தர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவார். இன்னொருத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு சுங்கானில் புகையிலை அடைத்துப் பற்றவைப்பார். நான் வழக்கமாகப் பை தூக்கும் என் துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பிப்பார். கண்ணாடி இல்லாவிட்டால் தன் கையே தெரியாத மனிதர் அவர். அவர் துடைத்தால் எனக்கு உத்தரவு வந்துவிட்டது என்று அர்த்தம். துடைத்து மாட்டிக்கொண்டு வந்து பந்தைப் பார்த்து "லக்கி" என்பார். "யெஸ் துவான்" என்பேன். அவர் வாங்கிக் குவித்த வெள்ளிக் கோப்பைகளில் பாதி என் காலுக்குச் சொந்தம்.

என் கூட்டாளி ஒருவன் பக்கத்து லைனில் இருந்தான். ஒரே வகுப்பு, ஒரே கொட்டகை. கால் கிள்ளில் எனக்குச் சளைத்தவன் இல்லை. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான சீனியர் கேம்பிரிட்ஜ் தேறிய வருஷம் கிளப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. பை தூக்கும் பையன்களில் ஒருவனைச் சிங்கப்பூரில் காலேஜ் படிக்க வைப்பது, முழுச் செலவும் கிளப்புடையது. தேறியவர்கள் நாங்கள் இருவர்தான். அதனால் மார்க்கைப் பார்க்கப்போவதில்லை, குணத்தைப் பார்த்துத்தான் கொடுப்போம் என்றார்கள். முடிவு சொல்லப்போகிறவர்கள் இரண்டு துரைகள். ஒருவர் என் துரை. இன்னொருவர் கிள்ளானிலிருந்து மாற்றலாகி அப்போதுதான் வந்திருந்தவர். ஒரு சனிக்கிழமை அவர்கள் இருவரும் ஆடுவார்கள், நாங்கள் இருவரும் பை தூக்க வேண்டும். அதுதான் பரீட்சை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதற்குள் குடுவைகளும் வளைந்த குழாய்களும் நீல உப்பும் மஞ்சள் உப்பும் இருக்கும். வாத்தியார் மட்டும்தான் திறப்பார், நாங்கள் தூர நின்று பார்க்க வேண்டும். காலேஜில் ஆளுக்கொரு மேஜை, ஆளுக்கொரு குடுவை என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்தக் குடுவையைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு அதைவிடப் பெரிய ஆசை எதுவும் அப்போது இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை என் அம்மா யாரிடமோ ஒரு ஜோடி சப்பாத்து இரவல் வாங்கி வந்தார். "காலேஜுக்குப் போறவன் வெறுங்காலோடயா போவான்? போட்டுக்கடா" என்றார்.

"சப்பாத்துப் போட்டா வேலை எப்படிம்மா செய்யறது?" என்று நான் தள்ளிவிட்டேன்.

அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைப் பக்கத்து லைனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். என் கூட்டாளியின் அம்மா விடுகிற ஆள் இல்லை. பெரிய அளவாக இருந்ததால் முனையில் துணியை அடைத்து மகன் காலில் மாட்டிவிட்டார். அவன் கொட்டகைக்கு வந்த நடையைப் பார்த்து நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சேற்றில் வாத்து நடக்கிற மாதிரி இருந்தது. மண்டோர்கூட வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

ஆட்டம் பாதிக்கு மேல் போனது. கிள்ளான் துரை அடித்த பந்து லாலானுக்குள் போய் விழுந்தது. என் கூட்டாளி உள்ளே போனான். தோளை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது, பந்து கிடைத்துவிட்டது. அவன் வலதுகால் வழக்கம்போல ஒரு முறை எழும்பியது. சப்பாத்து புல்லை உதைத்ததோடு சரி. இன்னொரு முறை முயன்றான். பிறகு பரிதாபமாக நின்றுகொண்டு, "இங்க இருக்கு துவான். ரொம்ப மோசமான எடம்" என்றான்.

கிள்ளான் துரை போய்ப் பார்த்தார். பந்து ஒரு பள்ளத்துக்குள் கிடந்தது. அவர் என் கூட்டாளியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத் தாங்கவில்லை. இந்த மனிதருக்குத் திடலின் வழக்கமே தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு அந்த இடத்திலேயே என்னை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

அடுத்த குழிக்கு என் துரை அடித்த பந்து மழைமரத்தின் இரண்டு வேர்களுக்கு நடுவே போய்ச் சொருகிக்கொண்டது. அவர் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்தார். நான் நடந்தேன். என் கால் தன் வேலையைச் செய்தது. "இங்க இருக்கு துவான்" என்றேன்.

நிமிர்ந்தால் கிள்ளான் துரை மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் சுற்றிக்கொண்டு வந்து, வேருக்கு நடுவே பந்து பதிந்திருந்த ஈரத் தடத்தைக் குச்சியால் காட்டினார். பிறகு என் துரையைப் பார்த்தார்.

என் துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். காது இரண்டும் சிவந்துவிட்டன. "பந்தை நகர்த்தினாயா?" என்று என்னிடம் கேட்டார்.

"யெஸ் துவான்."

"ஏன் அப்படிச் செய்தாய்?"

இதைக் கேட்டவர் அவர்! கைக்குட்டை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார், மெல்ல மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். 'நீங்கள் கண்ணாடியைத் துடைத்தீர்களே துவான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு தமிழ்ப் பையன் சொன்னால் யார் நம்புவார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். மழை பிடித்துக்கொண்டால் தன் குடைக்குள் என்னையும் இழுத்துக்கொள்வார். வேறெந்தத் துரையும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அவர் இன்னொரு வெள்ளைக்காரர் முன்னால் தலைகுனிவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் என் தலையைக் குனிந்துகொண்டேன்.

காலேஜ் என் கூட்டாளிக்குக் கிடைத்தது. நேர்மையான பையன் என்று எல்லார் முன்னாலும் அவன் கையைக் குலுக்கினார்கள். அன்று மாலை அவன் எங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றான். சப்பாத்தைக் கையில் வைத்திருந்தான். குதிகால் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

"நான் வேணாம்னு சொல்லிடறேன்டா. என் காலும் தூக்கத்தான் செஞ்சுச்சு. நீ பாத்தேயில்ல?" என்றான்.

அவன் சொல்லட்டுமே என்று ஒரு கணம் எனக்கு இருந்தது. நெஞ்சார அப்படி இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "போடா, போய்ப் பெட்டியக் கட்டு. வேணாம்னு சொன்னா உன்னைக் கொன்னுருவேன்" என்றேன். அவன் போன பிறகு என் அம்மா அந்தத் துரையின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டித் தீர்த்தார். அப்பா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

அப்பா சொல்லிவைத்து எனக்குப் பட்டறையில் வேலை கிடைக்கும் வரை நான் திடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆச்சரியம் என்னவென்றால், என் துரை மறு வாரமே மண்டோரிடம் என்னைத்தான் கேட்டார். ஒன்றும் நடக்காத மாதிரி நடந்தார். பந்தும் பழைய பழக்கத்தை விடாமல் லாலானுக்குள் போனது. துரை கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் பையை இறக்கி வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தேன். பத்துமலைப் பக்கம் மழைமேகம் திரண்டிருந்தது. துரை துடைத்தார். ஒரு பக்கம் துடைத்தார், மறுபக்கம் துடைத்தார், ஊதிவிட்டு மறுபடியும் துடைத்தார். கண்ணாடியே தேய்ந்துவிடும் போல இருந்தது. கடைசியில் மாட்டிக்கொண்டு, புல்லுக்குள் தானே போய், கிடந்த இடத்திலிருந்து அடித்தார். பந்து ஒரு முழம்கூட நகரவில்லை. மழை வந்தபோது குடையை விரித்து என் பக்கம் சாய்த்தார். நான் உள்ளே போகவில்லை. நனைந்துகொண்டே பின்னால் நடந்தேன்.

என் கூட்டாளி தீபாவளி லீவுக்குச் சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வந்தான். அதற்குள் நான் பட்டறையில் சேர்ந்திருந்தேன். பழையபடி இருவரும் ரயில் பாதையோரமாகவே பேசிக்கொண்டு போனோம். அவனுடைய சப்பாத்து இப்போது அளவாக இருந்தது. நடையிலும் வாத்து இல்லை. காலேஜைப் பற்றி அவனாகச் சொல்லவில்லை, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். "ஆமாடா, ஆளுக்கொரு மேசைதான். குடுவையெல்லாம் தெனமும் கழுவி வைக்கணும்" என்று ஏதோ தண்டனை மாதிரி சொன்னான். அவன் கைவிரல் நுனியில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. ஏதோ திராவகம் பட்டதாம், கழுவினால் போகாதாம்.

புல்தரையில் உட்கார்ந்தோம். நான் பையிலிருந்து ஒரு பழைய கோல்ஃப் பந்தை எடுத்துக் கீழே போட்டேன். அவன் சிரித்துக்கொண்டே சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு எழுந்தான். பாதம் வெளுத்து, மெத்தென்று ஆகியிருந்தது. விரலைப் பந்தின்மேல் வைத்துக் கவ்வப் பார்த்தான். பந்து நழுவி உருண்டது. மறுபடியும் வைத்தான். மறுபடியும் உருண்டது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன.

"மறந்துபோச்சுடா. நீ எடு பாப்போம்" என்றான்.

நான் எடுத்தேன். நடை மாறாமல், இடுப்பு வளையாமல் எடுத்துக்கொண்டுபோய் அவன் காலடியில் வைத்தேன். "உனக்கு அப்படியே இருக்குடா!" என்று அவன் கை தட்டினான். உண்மையான சந்தோஷம் அது, அவன் கண்ணில் தெரிந்தது. நானும் சிரித்தேன். அவன் கையின் மஞ்சள் கறையைப் பார்த்துக்கொண்டே, எனக்கும் மறந்துபோயிருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.