பேச்சியம்மாள் நீட்டிய கை

மே இருபத்தொன்று பயங்கரவாத எதிர்ப்பு நாள். அன்று அரசு ஊழியர்கள் நின்றபடி உறுதிமொழியை முழுவதும் வாசிக்க வேண்டும் என்பது விதி. தேனிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

வெளியூர்க் குண்டுவெடிப்பில் மகனைப் பறிகொடுத்தவர் மார்க்கையன்கோட்டை பேச்சியம்மாள். அந்த நாளில் மகன் பெயரை ஒருமுறை யாராவது வாசித்துக் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. உறுதிமொழியோடு அந்தப் பெயரையும் வாசிக்க அங்குள்ள அதிகாரி சம்மதித்திருந்ததால், சென்ற ஆண்டு அவரை என் பழைய அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன்.

நாட்டையே தாங்கும் முகத்தோடு எல்லாரும் கையை நீட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். அது மாவட்ட வாட்ஸ்அப் குழுவுக்குப் போனதும் கைகள் இறங்கின.

"உறுதிமொழி எங்கே?" என்றேன்.

"அதான் படம் போயிருச்சே சார். ரிட்டயர் ஆகியும் எங்களை விடமாட்டீகளா?" என்று சிரித்தார் அதிகாரி.

பேச்சியம்மாளின் கை மட்டும் நீண்டபடியே இருந்தது. "ஐயா, எம்மகன் பேரை எப்பச் சொல்லுவாக?" என்று என்னிடம் கேட்டார்.

மறுநாளே மேலிடத்துக்குப் புகார் அனுப்பினேன். 'உறுதிமொழி முறைப்படி எடுக்கப்பட்டது. சான்றாகப் படம் இணைக்கப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. படத்தின் முன்வரிசையில் பேச்சியம்மாள் கையை நீட்டி நிற்கிறார். அந்தப் பதில் என் கைக்கு வந்து சேர்ந்த நாள், இந்த ஆண்டு மே இருபத்தொன்று.