மிச்சக் காதுக்கு ஒரு கன்வர்ட்டர்

“…அதுக்கு மேல உன் காதுல எதுவும் ஏறாதுன்னு கம்பெனி டாக்டரே படம் போட்டுக் காட்டிட்டாரு. அப்புறம் இன்னாத்துக்குய்யா ரெண்டையும் போட்டுக் கேக்கணும்ன்ற? ஏதோ ஒண்ண எடுத்துகினு வா, பஸ்ஸு போயிடும்.”

என் மனைவி இதைச் சொன்னது வீட்டுக்குள் இல்லை. கவரைப்பேட்டைக் கடைத்தெருவில், ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்கிற கடையில், கடைக்காரர் எதிரில். ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸியை வாங்கிப்போக வந்த ஓர் அம்மாளும் நின்றுகொண்டிருந்தார். அவர் திரும்பி என் காதைப் பார்த்தார். பார்த்தால் என்ன தெரியும்? இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன.

மேசைமேல் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கன்வர்ட்டர். அதை ஒட்டிப் புத்தம் புதிய சி.டி. பிளேயர். ஓரமாக, நாங்கள் துண்டில் சுற்றி எடுத்துவந்த எங்கள் பழைய பிளேயர். கொஞ்ச நாளாக அதில் எதைப் போட்டாலும் இடது பக்கம் கரகரவென்று மணலை அள்ளிப் போட்டதுபோல் வந்துகொண்டிருந்தது.

கடைக்காரர் நன்றாகத்தான் விளக்கினார். “அண்ணே, உங்க பிளேயர் டிஸ்க்க சுத்தமா படிக்குது. டிஸ்க்குல இருக்கிறது பூரா நம்பருதான். அந்த நம்பர சத்தமா மாத்துற எடம்தான் உள்ள அவுட்டு. அந்த ஒரு வேலைய மட்டும் வெளிய இந்த சின்ன டப்பாகிட்ட குடுத்துடலாம். நடுவுல ஒரு ஆப்டிகல் வயரு, அவ்ளோதான். இல்லன்னா பழசக் கடாசிட்டுப் புதுசு எடுங்க. நான் புதுசுதான் சொல்வன். ஒரே டப்பா, ஒரே ரிமோட்டு, பேஜாரே இல்ல.”

“ரெண்டையும் கேட்டுட்டுச் சொல்றேன்” என்றேன். அதற்குத்தான் மனைவியிடமிருந்து அந்தப் பேச்சு வந்தது.

அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். “நான் கூப்புட்டா எதிர்வூட்டுக்காரி எட்டிப் பாக்கறா, நீ பாக்க மாட்டேன்ற” என்று அவள் சொல்லாத நாள் கிடையாது.

கும்மிடிப்பூண்டியில் ஃபோர்ஜிங் கம்பெனி ஒன்றில் எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. செக்கச்சிவக்கக் காய்ந்த இரும்பை அச்சில் வைத்து ஹாமரால் அடித்து உருவாக்குவோம். ஆளுக்கு இரண்டு இயர் பிளக் கொடுக்கிறார்கள், மாட்டச் சொல்லிச் சுவரெல்லாம் எழுதியும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் வலது காதில் மாட்டிக்கொண்டு இடதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். ஹாமரின் சத்தம் கேட்டாக வேண்டும். இரும்பு ஆறிவிட்டால் ஒரு சத்தம், அச்சு கீறல் விட்டால் வேறு சத்தம். ஆரம்பாக்கத்திலிருந்து வருகிற என் கூட்டாளி சொல்வார்: “ரெண்டு காதையும் அடச்சிக்கினு நின்னா, அது இன்னா சொல்லுதுன்னு யாரு நைனா கேக்கறது?” தப்பான பேச்சுதான், இப்போது தெரிகிறது. ஆனால் அந்தத் திறந்த காதால்தான், கண்ணுக்குக் கீறல் தெரிவதற்கு முன்பே ஹாமரை இரண்டு தடவை நிறுத்தியிருக்கிறேன்.

இந்த வருட மெடிக்கலில் ஒரு வேனுக்குள் உட்கார வைத்தார்கள். தலையில் ஹெட்போன், கையில் பொத்தான். சத்தம் வந்தால் அமுக்க வேண்டும். விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன், காத்திருந்தேன், வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. வந்துகொண்டேதான் இருந்ததாம். டாக்டர் காட்டிய படத்தில் கோடு நேராகப் போய்க் கிணற்றில் விழுவதுபோல் விழுந்திருந்தது. “ஜால்ரா, சலங்கை மாதிரி மேல் சத்தம் போயிடுச்சு. கீழ் சத்தம் அப்படியே இருக்கு” என்றார்.

கம்பெனியில் கிண்டலுக்குப் பஞ்சமில்லை. “குடுத்து வெச்சவன்யா, சூப்பர்வைசர் கத்தறது இனிமே உனுக்கு இல்ல” என்றார்கள். பாட்டுப் பேச்சை எடுத்தால் மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி, “உனுக்கு செல்போனே போதும்.”

ஏன் போதும்? கண்ணாடி போட்டவரிடம், உங்களுக்கு நல்ல விளக்கு எதற்கு என்று யாராவது கேட்கிறார்களா? பல் போனவருக்குக் கெட்டுப்போன சோற்றையா போடுகிறோம்? இத்தனை வருடம் இந்தக் காது கம்பெனிக்காகக் கேட்டது. மிச்சம் இருப்பது என்னுடையது. அதற்குள் எது போக வேண்டும் என்பதை நான்தான் சொல்வேன்.

“பஸ்ஸு போனா போவட்டும்” என்றேன் மனைவியிடம். கடைக்காரரிடம், “போட்டுக் காட்டுங்க.”

கையோடு எடுத்துப்போயிருந்த கடம் டிஸ்க்கைக் கொடுத்தேன். முதலில் பழைய பிளேயரோடு கன்வர்ட்டரைச் சேர்த்துப் போட்டார். கரகரப்பு போன இடம் தெரியவில்லை. உள்ளங்கை விழுகிற அடியும் விரல் விழுகிற அடியும் தனித்தனியாக வந்தன. அப்புறம் புது பிளேயர். “ஜால்ராவப் பாருங்கண்ணே, இன்னா கிளியரு!” என்றார். ஜால்ரா இரண்டிலும் எனக்கு வரவில்லை. மறைக்க என்ன இருக்கிறது, சொன்னேன்.

“அதத்தானே நானும் சொன்னேன்” என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புது பிளேயரில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் கொஞ்சம் இடைவெளி விழுந்தது.

“அடியில இன்னாமோ உறுமுது” என்றேன்.

“இன்னாண்ணே உறுமுது?”

“தூரத்துல மோட்டாரு ஓடற மாதிரி.”

மிக்ஸி அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். கடைக்காரர் சிரித்தார். “ரிப்போர்ட்டு வேற மாதிரி சொல்லுதேண்ணே.” சிரித்துக்கொண்டேதான் ஃபேனை நிறுத்தினார், பாட்டை நிறுத்தினார், வால்யூமைக் கூட்டிவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்தார். சிரிப்பு நின்றது.

“அட, ஆமாண்ணே. எர்த்து வயருல கரண்டு சுத்திகினு வருது, அந்த உறுமல்தான். இந்தப் புதுசும் மூணு பின்னு பிளக்கு, ஆம்ப்பும் மூணு பின்னு. ஆப்டிகல் வயர்ல வெறும் வெளிச்சம்தான் போவுது, அதான் அந்தச் சின்ன டப்பால வரல.” சொல்லிவிட்டு நிமிர்ந்தார். விற்கிற மனசு விடுமா? “ஆனா இவ்ளோ சின்னது யாருக்கும் கேக்காதுண்ணே. உங்க ஊட்டுல வராமகூடப் போவலாம். பேசாம புதுசையே…”

மனைவி எழுந்து போய் ஸ்பீக்கர் முன்னால் குந்தினாள். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு மறு காதை அதன் துணியில் வைத்தாள். கடைக்காரர் இன்னும் ரிமோட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் எழுந்தாள், சுவர்ப் பக்கம் கையை நீட்டினாள், புது பிளேயரின் பிளக்கைப் பிடுங்கினாள்.