பேசாலை வாடியில் நான் விழுங்கிய பாதி

காலை 6.10. வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் புறப்பட்டோம். எண்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பின் ஆசனத்தில், உலக அமைப்பு ஒன்றின் இலங்கை அலுவலகத் தலைவரான கென்ய நாட்டுப் பெண்மணி கோப்பு வாசித்துக்கொண்டிருந்தார். முன்னால் நான், அவருடைய மொழிபெயர்ப்பாளன். வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது நாள்.

உயிலங்குளத்தில் தேநீர், கோப்பை அறுபது ரூபாய். சாரதி செல்வம் அண்ணன் மெல்லச் சொன்னார்: “பன்ரண்டு வருசமாப் பெரியாக்களை ஏத்தித் திரியிறன் தம்பி. என்ரை பேரைக் கேட்டது இந்த அம்மா மட்டுந்தான்.”

8.00. மன்னார் தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறியதும் இரு புறமும் கடல். தலைமன்னார் வீதியில் கழுதைகள் வழிவிட மறுத்தன. மீனவ ஊரான பேசாலையை அடைய 8.40. புதிய இறங்குதுறைக்கான வரைபடத்தில் தலைவர் அன்று கையெழுத்திட வேண்டும். படகுக்காரர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் துறைக்குப் போகும் பாதை, பெண்கள் கருவாடு காயவைக்கும் வாடியின் நடுவால் கீறப்பட்டிருந்தது.

படத்தைக் கொண்டுவந்த அதிகாரிகளும் ஊராரும் கூடிய கூட்டத்தில் பெண்கள் சங்கத் தலைவி பிலோமினா எழுந்தார்.

“வாடியை எடுத்தா நாங்கள் மீனை எங்க காயப்போடுறது? உங்கட கந்தோர் மேசையிலயோ? படம் கீறினவர் ஒருக்காலெண்டாலும் இந்த மணலில நிண்டவரோ?”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். இவ்வளவு பெரிய பதவியில் இருப்பவரிடம் இதையா சொல்வது? “தங்களுக்குச் சில சிரமங்கள் உண்டு என்கிறார்” என்று ஆங்கிலத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். “அவர் பேசியபோது எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லையே. என்னைக் காப்பாற்ற வேண்டாம். முழுவதும் சொல்லுங்கள்.”

சொன்னேன். அலுவலக மேசை வந்த இடத்தில் அவரும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பிலோமினாவோடு வெயிலில் இறங்கினார். காயும் கருவாட்டுக்கு நடுவே, பாதை வரும் இடத்தை இருவரும் காலடியால் அளந்தார்கள்.

“இறங்குதுறை வேண்டும். பாதை வாடியைச் சுற்றிப் போகட்டும். இந்தப் படத்தில் நான் கையெழுத்திட மாட்டேன்.” அவ்வளவுதான். குரல் உயரவே இல்லை. அதிகாரிகள் பேனாவை மூடினார்கள். இப்படியும் ஒருவர் தலைமை தாங்கலாமா என்று பிரமித்து நின்றேன்.

பசறையில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறிக்கிறார். அவர் துரையிடம் எதை முறையிட்டாலும் கணக்கப்பிள்ளை பாதியைத்தான் எடுத்துச் சொல்வார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். படித்து வந்து, அந்தக் கணக்கப்பிள்ளையின் வேலையைத்தான் செய்திருக்கிறேன்.

12.20. புறப்படும் நேரம். புதிய படம் கீறும் கொழும்புக் கூட்டத்துக்கு நீங்களும் வரவேண்டும் என்று பிலோமினாவிடம் சொல்லச் சொன்னார் தலைவர்.

“ஓம், வாறன்,” என்றார் பிலோமினா, கையிலிருந்த செதிலைத் தட்டிக்கொண்டே. “ஆனா இந்தத் தம்பி வேண்டாம். பாதியை விழுங்கிப்போடுவார்.”

தலைவர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.