பச்சை மிதவைக்கு அந்தப் பக்கம்

மாலை நாலே காலுக்கு நான் பெடல் படகைத் தப்பான பக்கம் திருப்பினேன். போன மாதம், கடலூருக்குப் பக்கத்தில் ஒரு கழிமுகம். படகில் நானும் ஏழாவது படிக்கும் மகளும். மனைவி கரையில் இருந்தாள். சிவப்பு மிதவைக்கும் பச்சை மிதவைக்கும் நடுவில்தான் ஆழம், விலகிப் போகக் கூடாது என்று படகுக்காரர் மூவரிடமும் சொல்லியிருந்தார்.

எனக்கு நெய்வேலி மைன்ஸில் வேலை. சிவப்புக் கொடி பக்கம் நாங்கள் நெருங்கவே மாட்டோம்; பச்சை என்றால் பயமில்லை. அந்தப் பழக்கத்தில் சிவப்பை விட்டு விலகி விலகிப் பச்சையையும் தாண்டிவிட்டேன்.

"அப்பா, நடுவுல போங்க. அந்தாண்ட சேறுன்னு சொன்னாங்க."

"இருபது வருஷமா ஷிஃப்ட் பாக்கறேன், எனக்கே சிக்னல் சொல்லித் தர்றியா?"

படகு தரைதட்டி நின்றது. நான் தடுப்பதற்குள், தள்ளிவிடலாம் என்று மகள் குதித்துவிட்டாள். இடுப்பு வரை சேறு, நெஞ்சு வரை தண்ணீர். இழுத்தால் படகு சாய்ந்தது. அக்குளில் கை கொடுத்துப் பிடித்தபடி கத்தினேன். அவள் அழவில்லை.

"விட்டுடாதீங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மோட்டார் படகில் படகுக்காரரோடு மனைவி வந்தாள். மகளைத் தூக்கிய பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"நடுவுலதான போவச் சொன்னாங்க? ஏங்க அந்தாண்ட போனீங்க?"

நடுங்கிக்கொண்டே மகள் முந்திக்கொண்டாள். "நான்தாம்மா போலாம்னு சொன்னேன்."

இன்று வரை மனைவியிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. இதை எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகையை எங்கள் வீட்டில் முதலில் பிரிப்பது அவள்தான்.