கோட்டைக்கு நடந்த கோடை

புதுச் சப்பாத்தின் ரப்பர் மணம் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் இருந்த எங்கள் இரண்டறை வீடு முழுவதும் பரவி, அம்மாவின் மீன்குழம்பு வாசத்தையே அமுக்கிவிட்ட அந்த ஓகஸ்டை நினைத்தால் இன்றும் என் கால்கள் குறுகுறுக்கின்றன. எனக்கு அப்போது பத்து வயது. அதுவரை எங்களுக்கு ‘வக்கான்ஸ்’ என்றால் ரயிலேறி லா கூர்னெவில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போய், அங்கேயும் அதே மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதுதான். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் எங்கே போனாய் என்று ஆசிரியை ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பார். கடல், மலை, இத்தாலி என்று மற்றப் பிள்ளைகள் அளக்க, நான் மட்டும் வருடம் தவறாமல் லா கூர்னெவ் என்று சொல்லிவிட்டு உட்காருவேன்.

அந்த வருடம் அப்பா ஒரு புதுச் செய்தி கொண்டுவந்தார். உணவகமொன்றில் கோப்பை கழுவுவதும், நிலவறையிலிருந்து வைன் பெட்டிகளை மேலே தூக்கி வருவதும் அவருடைய வேலை. ஒரு சொட்டும் குடிக்காத மனிதருக்குப் பெட்டிகளில் அச்சடித்த ஊர்ப்பெயர்களெல்லாம் மனப்பாடம். “தூக்கித் தூக்கி முதுகு போச்சு. அந்த ஊர் எப்பிடி இருக்குமெண்டு ஒருக்காப் பாக்க வேண்டாமே?” என்றார். வூவ்ரேயிலிருந்து அம்புவாஸ் வழியாகச் செனொன்சோ கோட்டை வரை, மூன்று நாள் நடை. கோட்டை! ஆற்றின்மேல் பாலம் போல நிற்கும் அதன் படம் என் பாடப்புத்தகத்தில் இருந்தது. நான் கட்டிலில் ஏறித் துள்ளினேன்.

சொந்தக்காரர் ஒருவரும் நம்பவில்லை. நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர்; எங்கள் ஆட்கள் அவ்வளவு தூரம் நடப்பது மடு மாதாவுக்கு ‘நேர்த்தி’ வைத்தால் மட்டுந்தான். “வக்கான்ஸுக்கு ஆரும் நடப்பினமோ? என்ன நேர்த்தியெண்டு சொல்லு பாப்பம்” என்று பெரியம்மா அம்மாவை மடக்கினார். இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி அட்டை, எங்கள் வாயில் ‘கார்த்’, அம்மாவுக்கு அப்போது கிடைத்திருக்கவில்லை. நடை அதற்காகத்தான் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு கட்டினார்கள். கட்டியதோடு விட்டார்களா? போகிற இடத்துக் கோயிலில் தங்களுக்கும் கொளுத்தும்படி ஆளுக்கொரு மெழுகுதிரி கொண்டுவந்து தந்தார்கள். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, இன்னொருவருக்கு மகளின் கலியாணம். அம்மாவுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. தன் பங்குக்கும் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

நடை என்றால் அப்படி ஒரு நடை! வெள்ளைப் பாறையைக் குடைந்து, அதற்குக் கதவும் ஜன்னலும் போட்டு ஆட்கள் குடியிருந்தார்கள். பாதைத் தூசு பட்டு என் சப்பாத்து மாப் பூசியதுபோல வெளுத்துவிட்டது. திராட்சைக்கு எங்கள் ஊரில் முந்திரிகை என்று பெயர். கோயில் வாசகத்தில் மட்டுமே கேட்டிருந்த முந்திரிகைத் தோட்டத்துக்குள் நின்று, “இதுதானோ, இதுதானோ” என்று அம்மா குலைகுலையாகத் தொட்டுப் பார்த்தார். அப்பாவோ ஒவ்வொரு ஊர்ப்பலகையையும் பழைய சிநேகிதனைக் கண்டதுபோல உரக்க வாசித்தார். அம்புவாஸில் பாணும் சம்பலும் தின்றுகொண்டே அந்த ஊர்க் கோட்டையின் மதிலை வெளியே நின்று அண்ணாந்து பார்த்தோம். ஒரே ஒரு குறை, வழியில் கண்ட கோயில்களெல்லாம் பூட்டிக் கிடந்தன.

மூன்றாம் நாள் பின்னேரம், செனொன்சோவுக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன ஊரில், பூட்டிய இன்னொரு கோயிலின் படியில் அம்மா உட்கார்ந்துவிட்டார். “ஆக்களின்ரை நேர்த்தியைக் காவிக்கொண்டு நான் கோட்டை பாக்க வரமாட்டன். நீங்கள் ரெண்டுபேரும் போட்டு வாங்கோ.” அப்பா கெஞ்சிப் பார்த்தார். கோட்டை பூட்ட அதிக நேரமில்லை. மறுநாள் அப்பாவுக்கு வேலை. அம்மாவை அங்கே விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. இந்த வருடமும் லா கூர்னெவ்தான் என்று நினைக்க எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எதிரே வைன் விற்கும் வீட்டிலிருந்து ஒரு பெண் என்னவென்று கேட்டு வந்தார். முழங்கால், கலியாணம், கார்த் எல்லாவற்றையும் நான் பிரெஞ்சில் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய், என் முழங்கை நீளத்தில் ஒரு சாவியோடு வந்தார். கோயில் சாவி அவர்கள் வீட்டில்தான் தொங்குமாம்!

அம்மா ஒவ்வொரு திரியாகக் கொளுத்தி, உரியவரின் பெயரையும் வேண்டுதலையும் நிதானமாகச் சொல்ல, நான் வாசலில் நின்று தவித்தேன். கடைசித் திரியை மட்டும் வாய்திறக்காமல் ஏற்றிக் கண்ணை மூடினார். பிறகு திரும்பி, “ஓடுங்கோ!” என்றார்.

ஓடினோம். அம்மா ஓடி நான் அதற்குமுன் கண்டதில்லை. பை முதுகில் குதிக்க, எங்கள் இருவரையும் முந்திக்கொண்டு ஓடினார். ஜன்னலை மூடப்போன சீட்டுக்காரர் எங்கள் கோலத்தைக் கண்டு சிரித்து, மறுபடி திறந்தார். ஆற்றின்மேல் நீண்டுகிடந்த அந்த மண்டபத்தில், காலுக்குக் கீழே தண்ணீர் போய்க்கொண்டிருக்க, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நான் கத்திக்கொண்டு ஓடினேன். அப்படியொரு சந்தோசம் பிறகு எனக்கு எத்தனை தரம் வாய்த்தது என்று தெரியவில்லை.

பெரியம்மா இப்போது இல்லை. ஓகஸ்டில் நடக்கப் போகிறேன் என்று இன்று சொன்னால், எங்கள் ஆட்கள் நடமாடும் ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒருவரும் என்ன நேர்த்தி என்று கேட்பதில்லை. எந்த ஹோட்டல் என்றுதான் கேட்கிறார்கள். ஒரு திரி தந்துவிடவும் ஆளில்லை. பை லேசாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை.

அம்மாவின் கார்த் அந்த நடைக்குப் பிறகும் வருடக்கணக்கில் இழுபட்டுத்தான் வந்தது. போன கிழமை அந்தப் பேச்சு வந்தபோது, “மாதாவிட்டை அவ்வளவு தூரம் நடந்துபோய்க் கேட்டும் உடனை தரேல்லையே அம்மா” என்று பகிடி பண்ணினேன்.

“ஆர் கார்த் கேட்டது?” என்றார் அம்மா. “கோட்டை பூட்டக் கூடாதெண்டெல்லோ கேட்டனான்.”