நரம்பை அடைத்த மின்சாரம்

சீர்காழியில் உரக்கடை வைத்திருக்கிறேன். நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று என் ஸ்கூட்டரை இடித்ததில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கால் போனதைவிடக் கொடுமை, போன பாதம் வலித்ததுதான். இல்லாத விரல்களை யாரோ இடுக்கியால் முறுக்குவதுபோல் இருக்கும். யூரியா கேட்டு வந்தவர் எதிரே நிற்க, நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன்.

என் அண்ணன் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது என்பது அவருடைய எண்ணம். பார்க்க வந்தவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இல்லாத கால் எப்படிம்மா வலிக்கும்? எல்லாம் மனப்பிரமை. காலைல எழுந்து தியானம் பண்ணு" என்றார். இரண்டு காலும் உள்ளவர்களுக்கு இந்த மாதிரி ஞானம் சுலபமாக வரும்.

பிரமை என்று சொல்லாதவர் தஞ்சாவூரில் ஒரு வலி மருத்துவர்தான். அறுபட்ட நரம்பு இன்னும் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்றார். தொடைக்குள் அந்த நரம்பைச் சுற்றி ஒரு சிறு பட்டையைப் பொருத்தி, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திசை மாறும் மின்சாரத்தைச் செலுத்தினால் செய்தி அந்த இடத்தைத் தாண்டாதாம். "வலிக்கிறப்ப மட்டும் போட்டா போதும். ஒவ்வொரு தடவையும் போட்டதும் கொஞ்ச நேரம் சுரீர்னு எரியுங்க. பொறுத்துக்கங்க, அப்புறம் அடங்கிடும்."

பட்டை பொருத்திய புண் ஆறி, முதன்முறை ரிமோட்டால் கருவியை இயக்கியபோது அப்படியேதான் நடந்தது. எரிச்சல் உச்சிக்கு ஏறியது. பிறகு அந்தப் பாதம் மெல்ல மெல்லக் காணாமல் போனது. கட்டிலில் படுத்தபடியே அழுதேன்.

கொஞ்ச நாளில் திருவிடைமருதூரில் உறவில் ஒரு கல்யாணம். அண்ணன் தன் சம்பந்தி வீட்டாரையெல்லாம் அழைத்துவந்து என்னைச் சுற்றி நிறுத்தினார். "நான்தான் இந்த வைத்தியத்தை விசாரிச்சு இவளை அனுப்பி வச்சேன்" என்றார், கொஞ்சமும் கூசாமல். "போட்டுக் காட்டும்மா."

"இது வேடிக்கை காட்டுற சாமான் இல்லண்ணே. முதல்ல எரியும். வீட்ல போய்ப் போட்டுக்கறேன்."

"எரியறதாவது!" என்று சிரித்தவர், என் மடியிலிருந்த ரிமோட்டை எடுத்து அவரே பொத்தானை அழுத்திவிட்டார்.

எரிந்தது. கடையில் மூட்டை இறக்குபவர்கள் வாயில் கேட்டுப் பழகிய வசவு ஒன்று, நாதஸ்வரம் ஓய்ந்திருந்த அந்த நேரம் பார்த்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி என் வாயிலிருந்து வந்தது. சம்பந்தியம்மா காதைப் பொத்திக்கொண்டார். அண்ணன் ரிமோட்டை என் மடியில் போட்டுவிட்டு, வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நழுவினார்.

அண்ணி ஓடிவந்தார். "எல்லார் எதிர்லயும் இப்படியா பேசுவ? மன்னிப்புக் கேக்க வேணாமா?"

"கேக்கணும்தான் அண்ணி. யாரு, யார்கிட்ட?"

அவர் அண்ணன் போன வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதற்குள் எனக்கு வலி அடங்கியிருந்தது. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனேன். பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.