ஓரத்தில் நின்றால் முகம் இழுக்கும்

போன ஐப்பசியில், கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். விருத்தாசலத்தில் செராமிக் பொம்மைகளையும் ஜாடிகளையும் விற்பனைக்காகப் படம் எடுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். பொம்மை அசையாது, கோபித்துக்கொள்ளாது. மனிதர்களைப் படம் எடுப்பதென்றால் எனக்குக் கொஞ்சம் உதறல்தான்.

முன்கூட்டியே போய் வீட்டைப் பார்த்தேன். கூடம் ரொம்பச் சின்னது. சுவரில் பல்லியாக ஒட்டிக்கொண்டு எடுத்தாலும் புது மாதிரியான என் மிரர்லெஸ் கேமராவில் நாலைந்து பேருக்கு மேல் அடங்க மாட்டார்கள். வாசலில் எடுக்கலாமென்றால் மழை. கிட்டத்தில் நின்றே மொத்த இடத்தையும் அகலமாகப் பிடிக்கும் அல்ட்ரா வைடு லென்ஸ் இல்லாமல் ஆகாது.

அதற்கு நான் அலைந்த அலைச்சலைக் கேட்டால் சிரிப்பீர்கள். நம் ஊர்க் கடைகளில் இருந்ததெல்லாம் பழைய கேமராக்களுக்கானவை. என்னுடையதில் மாட்டவே மாட்டாது. கம்பெனி லென்ஸுக்கோ ஸ்கூட்டர் விலை சொன்னார்கள். கடைசியில் புதுச்சேரிக்காரர் ஒருவர், தான் பயன்படுத்தியதை விழுப்புரம் ரயில் நிலையத்தில் வைத்துக் கொடுத்தார். “எல்லாத்தையும் உள்ள கொண்டாந்துடும் தம்பி. ஆனா ஓரத்துல ஆள நிறுத்தாதீங்க, மூஞ்சி இழுத்துக்கும்” என்று எச்சரித்தும் அனுப்பினார்.

நிச்சயத்தன்று பெண்ணாடத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தட்டு மாற்றி முடிந்ததும் இரண்டு குடும்பத்தையும் நடுவில் நெருக்கி நிறுத்தி, ஓரங்களைக் காலியாக விட்டு எடுத்தேன். கூடம் முழுவதும் விழுந்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொருவரிடமும் திரையைக் காட்டினேன்.

பெண்ணின் அம்மா மட்டும் படத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சமையற்கட்டு வாசலில் டம்ளர் தட்டோடு அவருடைய மூத்த மகள் நின்றிருந்தார். கணவரோடு ஒத்துப்போகாமல் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தங்கையின் நிச்சயத்தில் அவரை யாரும் உள்ளே போகச் சொல்லவில்லை. வந்து நிற்கவும் சொல்லவில்லை. வேறு லென்ஸாக இருந்தால் அவர் படத்திலேயே வந்திருக்க மாட்டார். இதில் வந்திருந்தார், முகம் ஒரு பக்கமாக இழுத்து, அடையாளமே தெரியாமல்.

“ஏன் தம்பி எம்பொண்ணு மூஞ்சி இப்படி இருக்குது?”

“ஓரத்துல நின்னா இப்படித்தாங்க ஆவும். நடுவுல நின்னா நல்லா வரும்.”

பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லிவிட்டேன்.  அவர் சம்பந்தி வீட்டார் பக்கம் பார்க்காமலேயே, “அப்ப அவள நடுவுல நிறுத்தி எடு” என்றார்.

மாப்பிள்ளையின் பெரியப்பாதான் என்னிடம் கேட்டார்: “அந்தப் பொண்ணு ரெண்டடி உள்ள தள்ளி நின்னா படத்துல வுழாது இல்ல தம்பி?”

விழாதுதான். அதற்குள் அந்த அக்கா தானாகவே உள்ளே திரும்பிவிட்டார்.

“அப்படி எடுக்க முடியாதுங்க. இந்த லென்ஸுக்கு நடுவுல உயரமான ஆள் நிக்கணும். அக்காதான் சரியான உயரம்” என்றேன்.

வடிகட்டிய பொய். அப்படி ஒரு லென்ஸ் எங்கேயும் கிடையாது. அந்த அக்காவும் அப்படியொன்றும் உயரமில்லை. பெரியப்பாவே அவரைவிட ஒரு தலை உயரம். அவர் என்னைப் பார்த்தார், பெண்ணின் அம்மாவைப் பார்த்தார். சம்பந்தமே முறிந்துவிடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

“சரி, நடுவுல ஒருத்தர் வந்தா ஓரத்துக்கு ஒருத்தர் போவணுமில்ல? நான் போறேன். இந்த வயசுல மூஞ்சி நீண்டா என்ன, சுருங்குனா என்ன?” என்றபடி அவரே நகர்ந்து போய் ஓரத்தில் நின்றார். யாரோ சிரித்தார்கள். அக்கா தட்டை வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் எடுத்தேன்.

அந்தப் படத்தில் பெரியப்பாவின் முகம் சுரைக்காயாக நீண்டிருக்கிறது. நான் அதைச் சரிசெய்து தருகிறேன் என்றதற்கும் அவர் வேண்டாமென்றுவிட்டார். இப்போதெல்லாம் யாரைப் படம் எடுக்கப் போனாலும், சிரித்துக்கொண்டு நடுவில் நிற்பவர்களைப் பார்ப்பதற்கு முன்னால், வாசற்படி ஓரமாக யாராவது ஒதுங்கி நிற்கிறார்களா என்றுதான் என் கண் தேடுகிறது.